முதல் பிழையில் நின்றுவிடும்

ஜூன் 3, திங்கள்

பழைய நிரலை இன்று அடக்கம் செய்தாயிற்று. அலுவலகத்தில் ஒருவரும் அழவில்லை.

நான்கு வருடம் ஓடிய கணினி நிரல். காது கேளாத பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் காது மெஷின் கொடுக்கிறது. பதினான்கு ஒன்றியங்களின் சிறப்பாசிரியர்கள் பிள்ளைகளைச் சோதித்து எங்களுக்குக் கோப்பு அனுப்புவார்கள். பிள்ளைக்கு ஒரு வரி. பெயர், வயது, பள்ளி, பிறகு ஒவ்வொரு காதுக்கும் ஆறு கட்டம். கட்டத்தில் எண் ஏற ஏறக் கேட்கும் திறன் குறைவு என்று பொருள். எவ்வளவு சத்தம் வைத்தும் கேட்கவே இல்லை என்றால் எண் கிடையாது, என்.ஆர். என்று இங்கிலீஷில் இரண்டு எழுத்து. இதைப் படித்து, எந்தப் பிள்ளைக்கு எந்த அளவில் கருவி என்று பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை.

பழைய நிரலில் ஒரு வரி இருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லாவிட்டால் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வரி. காது சோதனையில் பூஜ்ஜியம் என்றால் பாம்புச் செவி! போன வருடம் பச்சைமலையிலிருந்து ஆறு வயதுப் பையன், கார்மேகம் என்று பெயர். வலது காதில் ஆறு கட்டமும் என்.ஆர். நிரல் ஆறு பூஜ்ஜியம் போட்டு, ‘இயல்பான செவித்திறன்’ என்று முத்திரை குத்தி, பட்டியலிலிருந்து தூக்கி எறிந்துவிட்டது. ஒரு காது நன்றாகக் கேட்டாலே கருவி கிடையாது என்பது விதி. ஒன்றுமே கேட்காத காதுக்குக் கிடைத்த நற்சான்றிதழ். அவனுக்குக் கருவி வரவில்லை. ஒரு வருடம் போயிற்று.

அதை எழுதிய மேதாவியை நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். அந்த மேதாவி யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

இனி ஹாஸ்கெல் என்ற வேறு நிரல் மொழி. கமலக்கண்ணன் சார் எங்கள் பிரிவுத் தலைவர். முகத்தைச் சுளித்தார்.

“அந்த ஒரு வரிய மாத்துனா போதாதா பிலோமினா? புது பாஷைல புதுசா எழுதணுமா?”

“போதாது சார். அந்த ஒரு வரிய எழுத விட்ட பாஷையே வேணாம்.”

ஜூன் 21 மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடும். அதற்குள் ஏறாத பிள்ளைக்கு இந்த வருடமும் கருவி இல்லை.

மேஜை டிராயரைச் சுத்தம் செய்தேன். ஒரு கவரை மட்டும் திரும்ப உள்ளேயே வைத்தேன்.

மாலையில் கேஸ் ஏஜென்சி. அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது, இணைப்பு இன்னும் அவர் பெயரில். என் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்தேன். போட்டோ இல்லை என்று கவுன்டர்காரர் திருப்பிவிட்டார். சரி, என் தவறுதான்.

ஜூன் 4, செவ்வாய்

இந்த மொழி, வேலையைத் தொடங்கும் முன்பே, உன் தரவு என்னவாக இருக்க முடியும் சொல் என்று கேட்கிறது. நானும் சொன்னேன். ஒரு கட்டத்தில் இருப்பது ‘இத்தனை டெசிபலில் கேட்டது’ அல்லது ‘கேட்கவில்லை’. இரண்டில் ஒன்று. மூன்றாவது கிடையாது. இனி கேட்கவில்லை என்பதைப் பூஜ்ஜியமாக்க யாராவது நினைத்தாலும் நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் கன்னத்தில் அறையும். நாலு வருடம் முன்பே யாராவது அறைந்திருக்கலாம்.

பார்சர் என்றால் எழுத்தைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் துண்டு. எண்ணைப் படிக்க ஒரு குட்டிப் பார்சர். காற்புள்ளிக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. குட்டிகளைப் பூத்தொடுப்பதுபோல் தொடுத்தால் ஒரு வரிக்கான பார்சர், அதையே ‘இதுபோல் பல’ என்றால் முழுக் கோப்புக்கும். பழையது அறுநூறு வரி, நிபந்தனைக்குள் நிபந்தனை, வெங்காயம் உரித்த மாதிரி. இது எழுபது வரி. மூன்று தடவை படித்துப் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. சவரிராஜிடம் சொன்னேன். அவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். “எழுபது நட்டு போதும்கற இடத்துல அறுநூறு போட்டிருந்தாங்களா?” என்றார். என் கணவர் சில சமயம் சரியாகப் புரிந்துகொள்வார்.

ஜூன் 6, வியாழன்

முடிந்தது. கோப்பின் தலையில் குறிப்பாக மூன்று வாக்கியம் எழுதி வைத்தேன். தெரியாவிட்டால் நில். எங்கே நின்றாய் என்று சொல். ஊகிக்காதே.

தினமும் மாலை ஆறு மணிக்கு எல்லாக் கோப்புகளும் ஒன்றாக ஓடும். தவறு இருந்தால் அனுப்பியவருக்குத் தானாக மின்னஞ்சல் போகும். ‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்றும் சேர்த்தேன். இல்லாவிட்டால் ஆளாளுக்குக் கதை எழுதுவார்கள். கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நான்கு பக்க வழிகாட்டி எல்லோருக்கும் போயாயிற்று.

கேஸ் ஏஜென்சிக்குப் போட்டோவுடன் போனேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இல்லையாம். அன்றைக்கே சொன்னால் வாய் வலிக்குமா?

ஜூன் 7, வெள்ளி

முதல் ஓட்டம். பதின்மூன்று ஒன்றியங்கள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கின. பச்சைமலை மட்டும் நிராகரிப்பு. முதல் வரியிலேயே வயது ‘7½’. அரையாம்! வழிகாட்டியில் முழு எண் என்று எழுதியிருக்கிறதே, கண் எங்கே போயிற்று?

ஜூன் 8, சனி

பச்சைமலை நிராகரிப்பு. ஆர், எல் என்று இங்கிலீஷில் இருக்க வேண்டிய இடத்தில் வலது காதுக்கு ‘வ’, இடது காதுக்கு ‘இ’.

ஜூன் 10, திங்கள்

பச்சைமலை நிராகரிப்பு. இன்று என்.ஆர். இருக்க வேண்டிய இடத்தில் ‘கேக்கல’ என்று தமிழில். அனுப்புகிறவர் பவளக்கொடி என்ற சிறப்பாசிரியர். பதின்மூன்று பேருக்கு வந்த படிப்பு இவருக்கு மட்டும் ஏன் வரவில்லை? அந்தப் பையனுக்காக ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டு நான் ஒன்றை எழுதினால், அவனுடைய டீச்சரே அவனை வெளியே நிறுத்துகிறார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நாளைக்கு என் பார்சர் கோணல் என்று கடிதம் வரும், பார்க்கலாம்.

கேஸ் ஏஜென்சியில் மூன்றாவது தடவை. அரை நாள் விடுப்பு. இப்போது அப்பாவின் இறப்புச் சான்றிதழ் அசல் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது.

“ஏங்க, மொத நாளே எல்லாத்தையும் சேத்து சொல்லியிருக்கலாம்ல? வேலைக்குப் போற பொம்பள எத்தன தடவ வருவேன்?”

அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மொதல்ல இருக்குறதே சரியில்லன்னா, அதுக்கு மேல எதுக்குப் பாக்கணும் மேடம்?”

இதை அப்படியே வார்த்தை மாறாமல் எழுதி வைக்கிறேன். என்றைக்காவது பயன்படும். மனிதர்களை அலைக்கழிப்பதற்கென்றே ஒரு மூளை வேண்டும். அவருக்குக் கண்ணாடிக்குப் பின்னால் மின்விசிறி, எனக்கு வெளியே ஜூன் மாத வெயில்.

ஜூன் 11, செவ்வாய்

பச்சைமலை. பள்ளிப் பெயருக்கு நடுவில் காற்புள்ளி. தினம் ஒரு தினுசு. வேண்டுமென்றே செய்கிறாரோ?

மிக்ஸி ஜாரில் கசிவு. வாஷர் வாங்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

இன்று பச்சைமலைக் கோப்பில் ஒரு கட்டத்தில் ‘85?’ என்று இருந்தது. கேள்விக்குறியோடு. கமலக்கண்ணன் சார் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

“ஒரே ஒரு ஒன்றியம்தானே? நீங்களே கையால திருத்தி ஏத்திடுங்களேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “சார், எண்பத்தஞ்சா இல்லையான்னு சோதிச்சவங்களுக்கே சந்தேகம். தில்லை நகர்ல ஏசில உக்காந்திருக்கற எனக்கு எப்படித் தெரியும்? அந்த எண்ணைப் பாத்துத்தான் மெஷின்ல சத்தத்த வைப்பாங்க. கூடிப்போச்சுன்னா இருக்கற கொஞ்ச காதும் போயிடும்.”

“அப்ப பட்டியல்ல ஏறாமலே போகட்டுமா? நாலு வருஷம் முன்னாடி இதே மாதிரி அவசரத்துலதான் நீங்க...”

டீ வந்துவிட்டது. அவர் முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊகிக்க மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது.

ஜூன் 13, வியாழன்

பச்சைமலை. ‘70-75’. ஒரு கட்டத்துக்கு இரண்டு எண்.

ஜூன் 14, வெள்ளி

பச்சைமலை. ஊருக்கு ஊர் நடுவில் வெற்று வரி விட்டிருக்கிறார், பள்ளி நோட்டில் விடுவதுபோல.

இரவுச் சாப்பாட்டின்போது புலம்பினேன். சவரிராஜ் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார். “அந்தம்மா ஒரு தடவ செஞ்ச தப்ப மறுபடி செய்யுதா?”

“தெரியாது. அதையெல்லாம் யார் பார்த்தா?”

“பாத்தா தெரியும்ல.” அதோடு விட்டுவிட்டார். மனிதருக்கு எப்போது பேச வேண்டும் எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிவதில்லை.

ஜூன் 15, சனி

நான்காவது தடவை. அசல் சான்றிதழோடு போனேன். கூடப் பிறந்தவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டுமாம்! தம்பி இருப்பது பெங்களூரில். கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், “நல்லா கேளும்மா, நான் ஆறாவது தடவையா வரேன்” என்றார். ஒரு மனிதனைப் பார்த்து இன்னும் எத்தனை குறை இருக்கிறது என்று சொல்லாமல் அனுப்புவது கொடுமை. அவன் வீட்டுக்குப் போய் எதைத் திருத்துவான்? எதை நம்பித் திரும்பி வருவான்?

பச்சைமலையும் நிராகரிப்பு. எட்டாவது. எண்ணுக்குப் பின்னால் ‘டெசிபல்’ என்று எழுதியிருக்கிறார். எட்டாவது என்றா எழுதினேன்? எண்ணிப் பார்த்தேன், ஆமாம்.

ஜூன் 17, திங்கள்

பச்சைமலை. ஒன்பது.

ஜூன் 18, செவ்வாய்

காலை பத்து மணிக்கு என் கைப்பேசியில் புது எண்.

“மேடம், நான் பச்சைமலை பவளக்கொடி. ஸ்பெஷல் டீச்சர். கமலக்கண்ணன் சார்ட்ட கெஞ்சி உங்க நம்பர வாங்கினேன்.”

“டீச்சர், வழிகாட்டி அனுப்பியிருந்தோமே, படிச்சீங்களா?”

“படிச்சேன் மேடம். நாலு பக்கமும் இங்கிலீஷா இருக்கு. எங்க மிஷின் வேற பழசு. மத்தவங்களுக்கு பட்டனத் தட்டினா கோப்பு வந்துரும். எனக்கு பஸ் டிக்கெட் மாதிரி ரோல் பேப்பர்ல வரும். அதப் பாத்து நான் போன்ல அடிக்கறேன். மேல சிக்னல் கெடையாது. காலைல ஆறரை பஸ்ல துறையூருக்கு இறங்கி அனுப்பிட்டு ரெண்டரை பஸ்ல ஏறுவேன். மறுநாள் இறங்கி வந்தாத்தான் உங்க பதிலப் பாக்க முடியும். நீங்க ஒரு தப்ப சொல்றீங்க, அத எல்லா வரியிலயும் திருத்தறேன். மறுநாள் வேற தப்பு சொல்றீங்க. இன்னும் எத்தன இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க மேடம். வெள்ளிக்கெழமைக்குள்ள ஆகுமா ஆகாதான்னு தெரிஞ்சா போதும், அதுக்கப்பறம் அனுப்பறேன்.”

“அது மொத பிழையில நின்னுடும் டீச்சர். மொதல்ல இருக்குறதே சரியில்லன்னா, அதுக்கு மேல எதுக்குப் பாக்கணும்?”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

“மொத வரியில இருக்கறது கார்மேகம் மேடம். போன வருஷம் விட்டுப்போன பையன். இந்தத் தடவ விட்டுறக்கூடாதுன்னு அவனத்தான் மொதல்ல போட்டேன்.”

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் சொன்ன வாக்கியத்தை எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. எங்கே என்று யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேங்காய் துருவினேன். சட்னிக்கு வேண்டியதைவிட அதிகமாகத் துருவிவிட்டேன், இரண்டு மூடி.

ஜூன் 19, புதன்

பத்தாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. என்றைக்காவது பயன்படும் என்று வேறு எழுதியிருக்கிறேன்!

என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பன்னிரண்டு நாளாக நான் கண்ணாடிக்குப் பின்னால் மின்விசிறியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் தினமும் மலை இறங்குகிறார், நான் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு குறையைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதில் அனுப்ப வேண்டாம் என்று பலகை வேறு மாட்டியிருக்கிறேன்.

அலுவலகத்துக்குப் போனதும் ஒன்பது கோப்புகளையும் வரிசையாகத் திறந்தேன். ஒரு தடவை சொன்ன தவறு இன்னொரு தடவை வரவே இல்லை. முதல் வரியில் வயதைச் சொன்னால் நாற்பத்தாறு வரியிலும் வயதைத் திருத்தியிருக்கிறார். சவரிராஜ் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பதின்மூன்று பேருக்கு வந்த படிப்பு இவருக்கு வரவில்லையா என்று எழுதிய கை இது. அந்தப் பதின்மூன்று பேரும் பட்டனைத் தட்டினார்கள். எழுதப் படிக்க என்ன இருந்தது அதில்?

பார்சரைப் பிரித்துப் போட்டேன். நான் தொடுத்த விதத்தில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் தோளில் ஏறி நின்றது. வயது விழுந்தால் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆனால் வயதுக்கும் இடது காதுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுக்கொன்று கடன்படாதவை. முதலில் வரிகளைப் பிரித்துக்கொண்டு, கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்கலாம். எல்லாம் சரியென்றால் பிள்ளையின் பதிவு. இல்லையென்றால் எல்லாப் பிழைகளும் ஒரே பட்டியலில். இந்த மொழியில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது, இதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். எனக்கும் தெரியும். எழுபது வரி அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடுதலாக நாற்பது வரி. இரண்டு மணி நேரம். ஏழாம் தேதியே செய்திருக்கலாம்.

இன்னொன்றும் செய்தேன். என்.ஆர். அல்லது ‘கேக்கல’, இரண்டில் எது வந்தாலும் ‘கேட்கவில்லை’ என்றே எடுத்துக்கொள். இது ஊகமில்லை. அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே இல்லை. நான் இரண்டு எழுத்தில் மறைத்ததை அவர் விவரமாக எழுதியிருக்கிறார், அதற்குத்தான் நிராகரித்தேன். ‘வ’, ‘இ’ இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். ‘85?’ மட்டும் நிராகரிப்புதான். அதில் மாற்றமில்லை.

ஆறு மணி வரை காத்திருக்கவில்லை. கடைசியாக வந்த கோப்பை உடனே ஓட்டினேன். மிச்சம் இருபத்தேழு பிழை, ஐந்து விதம். தினம் ஒன்றாகச் சொல்லியிருந்தால் அடுத்த திங்களில்தான் முடிந்திருக்கும். இருபத்தேழையும் தமிழில் எழுதினேன், எந்தப் பிள்ளை, எந்தக் காது, என்ன எழுதியிருக்கிறது, என்ன வேண்டும் என்று. துறையூரில் பஸ் ஏறும் முன்பு போனில் பிடித்துவிட்டேன்.

“மொத்தமே இவ்வளவுதானா மேடம்? இதுக்கு மேல இல்லையே?”

“இல்ல டீச்சர். சத்தியமா இவ்வளவுதான்.”

“சந்தேகமா இருந்த ரெண்டு பிள்ளைங்களுக்கு மறுபடி சோதிக்கணும். நாளைக்கு சோதிச்சுடறேன். வெள்ளிக்கெழம காலைல அனுப்பறேன்.”

ஜூன் 20, வியாழன்

இன்று பச்சைமலையிலிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும். இருந்தும் பதினைந்து தடவை பார்த்தேன்.

ஜூன் 21, வெள்ளி

10.50க்குக் கோப்பு வந்தது. ஓட்டினேன். வரிகள் 46, பிழை 0. இது நிஜமான பூஜ்ஜியம்.

முதல் வரி: கார்மேகம், 7. வலது காது ஆறு கட்டமும் கேட்கவில்லை. இடது காதில் முதல் கட்டம் 80, இரண்டாவது 90, மற்றவை கேட்கவில்லை. இடது காதுக்குக் கருவி. அளவு குறித்துப் பட்டியலில் ஏற்றியாயிற்று.

கமலக்கண்ணன் சார் வந்து, “பாத்தீங்களா, கடைசில எல்லாம் சரியாயிடுச்சு” என்றார். தானாகச் சரியானதைப்போல! யார் சரிசெய்தார்கள் என்று நான் சொல்லவா? வாய் வரைக்கும் வந்தது. பிறகு, யார் கெடுத்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும் என்று பேசாமல் இருந்தேன்.

பவளக்கொடி டீச்சருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். என் சொந்த முகவரியிலிருந்து. வேறு என்ன குறை இருந்தாலும் மிச்சம் வைக்காமல் ஒரேயடியாகச் சொல்லிவிடுங்கள் என்று கடைசியில் சேர்த்தேன்.

ஜூன் 22, சனி

கேஸ் ஏஜென்சி. இந்தத் தடவை கத்தவில்லை. “இன்னும் என்னென்ன வேணுமோ மொத்தத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க” என்றேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தார். நான்கு இருந்தன. “இத்தன வருஷத்துல ஒருத்தரும் எழுதிக் குடுன்னு கேக்கல மேடம்” என்றார். கேட்டால்தான் தருவார்களா என்று கோபம் வந்தது. பழைய வேகத்தில் வரவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால் பவளக்கொடி டீச்சரின் பதில். துறையூரில் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறாராம். அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

“மேடம், ஒரேயடியாகச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

1. உங்கள் செய்தியில் ‘எண் எதிர்பார்க்கப்பட்டது’ என்று வரும். யார் எதிர்பார்த்தார்கள்? பெயர் போடுங்கள். கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

2. பதில் அனுப்ப வேண்டாம் என்று போடாதீர்கள். மிகவும் அவமானமாக இருந்தது.

3. வழிகாட்டியைத் தமிழில் கொடுங்கள். நான்கு பக்கம் வேண்டாம், ஒரு பிள்ளையின் வரியைச் சரியாக எழுதிக் காட்டினால் போதும்.

4. வயதில் அரை என்று எழுதியது விளையாட்டுக்கு இல்லை. இந்த வயதில் பேச்சு பழக ஆறு மாதம் பெரிய காலம். உங்கள் கட்டத்தில் அதற்கு இடமில்லை.

5. கேள்விக்குறி போட்டதற்கு நிராகரித்தீர்கள். அது சரிதான். மறுபடி சோதித்தபோது 75 வந்தது. அதற்கு நன்றி.

6. நீங்கள் நிராகரித்த ஒன்பது நாளும் என் வகுப்பு நடக்கவில்லை. பதினொரு பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கணக்கில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. போன வருடம் ஜூலை மாதம் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கார்மேகத்துக்கு வலது காதில் பூஜ்ஜியம் போட்டது யார் என்று கேட்டிருந்தேன். அவன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் வரவில்லை.”

ஜூன் 24, திங்கள்

டிராயரைத் திறந்து கவரை எடுத்தேன். பதினொரு மாதமாக அங்கே கிடக்கிறது. பிரித்தது நான்தான், படித்ததும் நான்தான். ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, நீலப் பேனாவில். படித்து மூடி வைத்துவிட்டு, பழைய நிரலைத் தூக்கிப் போட வேண்டும், புதிதாக எழுத வேண்டும், ஊகிக்காத ஒன்று வேண்டும் என்று ஊரெல்லாம் சண்டை போட்டேன். கேட்டவருக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் தேதி எழுதாமல் விட்ட பெயரை இன்று எழுதுகிறேன். பிலோமினா சவரிராஜ். நாலு வருடம் முன்பு ஒரு சாயங்காலம், கோப்பு ஏறாமல் அடம்பிடித்தபோது, பட்டியல் மூட ஒரு மணி நேரம் இருந்தபோது, எண் இல்லாவிட்டால் பூஜ்ஜியம் என்று எழுதி வீட்டுக்குப் போனவள். அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

டீச்சருக்கு ஏழாவதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன். “நான்தான் போட்டேன். அவன் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லுங்கள்.” பிறகு மற்ற ஆறுக்கும் எழுதினேன்.

ஜூன் 26, புதன்

இரண்டு நாளாகப் பதில் இல்லை. நிராகரித்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்படிச் செய்தாலும் கேட்க எனக்கு வாயில்லை.

மதியம் மூன்று வரி வந்தது. “சொல்லிவிட்டேன். ஜூலை 6 அன்று முகாம். கார்மேகத்துக்கு மெஷின் மாட்டும்போது நீங்கள் இருக்க வேண்டும் என்று அவன் அம்மா சொல்லச் சொன்னார், உங்களிடம் பேச வேண்டுமாம்.”

என்ன பேசுவார் என்று எழுதவில்லை. கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை. எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் நின்று கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

சவரிராஜிடம் சொன்னேன். நானும் வரவா என்றார். வேண்டாம் என்றேன். விசாரித்ததில் துறையூரிலிருந்து மேலே போக விடிகாலை ஒரு பஸ் இருக்கிறதாம், ஐந்து மணிக்கு. போய்ச் சேர்ந்ததும் அதே வண்டிதான் டீச்சர் ஏறும் அந்த ஆறரை பஸ்ஸாகக் கீழே இறங்குமாம்.